கங்காணி போட்ட முக்காடு

தண்ணீர்மலைக் குரங்குகளுக்குத் தைப்பூசம்தான் பொங்கலும் தீபாவளியும். வழியெல்லாம் சிதறுகாய், வேண்டுதல்காரர்கள் சீப்புச் சீப்பாக வைத்துவிட்டுப் போகும் வாழைப்பழம், பிள்ளைகள் இறைக்கும் கச்சான் கடலை. கூட்டம் கலைந்து பினாங்குப் பட்டணம் பழையபடி வேலைக்குத் திரும்பியதும் அவற்றுக்குப் பஞ்சம் பிறந்துவிடும். மனிதர்கள் ஏன் திடீரென்று தேங்காய் உடைப்பதை நிறுத்திவிட்டார்கள் என்று அவற்றுக்கு விளங்குவதே இல்லை. ஒருவேளை கீழே எங்கேயாவது உடைக்கிறார்களோ என்று பார்க்க, ஆற்றோரம் மரத்துக்கு மரம் தாவி இறங்கிவரும். அப்படி இறங்கினால் முதலில் எதிர்ப்படுவது வண்ணாந்துறை.

துறையில் முதல் வீடு வெள்ளையம்மாளுடையது. அதனால் முதல் அடியும் அவளுக்குத்தான். இரண்டு கயிற்றைச் சேர்த்து முறுக்கிக் கொடி கட்டி, அந்த முறுக்குக்குள் துணியின் முனையைச் செருகிக் காயப்போடுவது துறை வழக்கம். செருகியதை உருவுவதில் குரங்குகளுக்கு அப்படியொரு ஆனந்தம். துரை வீட்டுக் காலுறையைக் கையில் மாட்டிக்கொண்டு ஒன்று போகும். சவுக்காரக் கட்டியைக் கடித்துவிட்டு வாயில் நுரைதள்ள இன்னொன்று ஓடும். ஒரு குட்டி கஞ்சித் தொட்டிக்குள் விழுந்து எழுந்து, வெயில் ஏற ஏற ரோமமெல்லாம் விறைத்துப்போய், உட்கார முடியாமல் கிளையில் நின்றுகொண்டே இருந்ததைத் துறையே வேலையை விட்டுவிட்டு வேடிக்கை பார்த்தது.

இந்தக் கொள்ளைக் கூட்டத்துக்கு ஒரு தலைவன் உண்டு. தடித்த உடம்பு, கிழிந்த காது. மற்றவை ஓடியாடிக் கொண்டுவர, அவன் உயரத்தில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருப்பான். வந்ததில் முதல் பங்கு அவனுக்குத்தான். வெள்ளையம்மாளின் புருஷன் காத்தமுத்து கொஞ்ச காலம் ரப்பர்த் தோட்டத்தில் கிடந்தவன். பார்த்த மாத்திரத்தில் அந்தக் குரங்குத் தலைவனுக்குக் கங்காணி என்று பேர் வைத்துவிட்டான்.

"கையில பெரம்பு இல்ல, தலையில தொப்பி இல்ல. மத்தபடி அதே ஆளுதான் புள்ள," என்பான்.

அந்த ஞாயிற்றுக்கிழமை வெள்ளையம்மாள் வீட்டில் விசேஷம். மகள் தனலெட்சுமிக்கு நிச்சயம். மாப்பிள்ளை வீட்டார் கடலுக்கு அக்கரையில் கெப்பாலா பத்தாஸ்காரர்கள், இதே தொழில். மாப்பிள்ளையின் தாய் சின்னம்மா வாயாடி என்று இரு கரையிலும் பேர் வாங்கியவள்.

வண்ணார் வீட்டு விசேஷத்துக்கு ஒரு வழக்கம் இருக்கிறது. பந்தலுக்குக் கீழே மேற்கட்டியாக வெள்ளைத் துணிகளை வரிசையாகக் கட்டுவார்கள். யார் துணி? வாடிக்கை வீடுகளின் துணிதான். வெளுத்து மடித்த துணி சொந்த வீடு திரும்புவதற்கு முன் ஒரு நாள் நம் வீட்டில் நின்றுவிட்டுப் போகும். அதற்கு 'மாத்து' என்று பேர். துறையில் எவரும் அதைத் திருட்டு என்று நினைத்ததில்லை. துறைக்கு வெளியே எவரிடமும் சொன்னதும் இல்லை. சம்பந்தம் பேச வருகிறவர்கள் பெண்ணை அப்புறந்தான் பார்ப்பார்கள். முதலில் அண்ணாந்து மேற்கட்டியைப் பார்ப்பார்கள். எந்தெந்த வீட்டுத் துணி இவர்களை நம்பி வருகிறது என்பது அங்கே தெரிந்துவிடும்.

வெள்ளையம்மாள் தவறு செய்தது அங்கேதான். மாதா கோயில் பள்ளிக்கூடத்து வாத்தியார் பீட்டரின் மனைவி அமலம்மாள், தன் மகள் ஐரீனின் கல்யாணத்துக்காக ஒரு முக்காட்டை வெளுக்கக் கொடுத்திருந்தாள். புதுச்சேரியிலிருந்து வந்தது அது. கொசுவலையைவிட மெல்லிய துணி, ஓரம் முழுக்க ஊசியால் பின்னிய கொடியும் பூவும். அமலம்மாள் தன் கல்யாணத்தன்று போட்டது, அவள் தங்கை போட்டது. ஐரீனுக்குத் திங்கட்கிழமை காலைப் பூசையில் கல்யாணம். புதன்கிழமை விபூதிப் புதன். தவக்காலம் தொடங்கிவிட்டால் ஈஸ்டர் வரைக்கும் கோயிலில் கல்யாணமே கிடையாது. ஆகவே முக்காடு ஞாயிறு பொழுதுசாய வீடு போய்ச் சேர்ந்தே ஆகவேண்டும். வெள்ளையம்மாள் அதைக் கல்லில் அடிக்கவில்லை. பூந்திக்கொட்டைத் தண்ணீரில் பிள்ளையைக் குளிப்பாட்டுகிற மாதிரி அலசி, நீலம் ஒரு சொட்டு விட்டு, நிழலில் காயவைத்தாள். பிறகு அதைப் பார்க்கப் பார்க்க அவளுக்கு ஆசை பிறந்துவிட்டது.

"ஏ புள்ள, அத எடுத்து உள்ள வையி," என்றான் காத்தமுத்து. "கல்யாணப் பொண்ணு துணிய மாத்துக்கு எடுக்கக் கூடாது. எங்கப்பன் காலத்துலேர்ந்து அந்தப் பழக்கம் இல்ல."

"ஒரு நாழிதானேங்க. தட்டு மாத்துன கையோட அவுத்துருவேன்லா. பொழுதுசாயத்தான் ஆளு வரும்னு அந்தம்மா சொல்லியிருக்கு."

"அப்படி என்ன ஆசை?"

"ஆசையா? போன மாசம் சின்னம்மா மதினி வந்து என்னா சொன்னா? 'ஒங்க துறையில பூராவும் காச்சட்டையும் கைலியுந்தானா'ன்னு கேட்டாளா இல்லியா? நாளைக்கு நல்லா அண்ணாந்து பாக்கட்டும்."

தனலெட்சுமி ஒரு மூலையில் தன் சீலையை மடித்துக்கொண்டிருந்தாள். அவளாகக் காசு சேர்த்து பாசார்க் கடையில் வாங்கிய மஞ்சள் நூல்சீலை. வாடிக்கைத் துணியை அவள் உடம்பில் போட்டுப் பல வருஷம் ஆகிறது. சிறு பிள்ளையாக இருக்கும்போது புக்கிட் மெர்தாஜாமில் மாதா கோயில் திருவிழாவுக்கு யார் வீட்டுக் கவுனையோ போட்டுக்கொண்டு போனாள். கூட்டத்தில் அந்தக் கவுனுக்குச் சொந்தக்காரப் பிள்ளை இவளைக் கண்டுபிடித்து, "இது என்னோடது" என்று பாவாடையைப் பிடித்துக்கொண்டு விடவே இல்லை. அன்றிலிருந்து பட்டே கிடைத்தாலும் தொடமாட்டாள்.

"அவுங்களுக்குத் தெரிஞ்சா என்னம்மா சொல்லுவ?" என்றாள்.

"தெரியாது. நீ பேசாம இரு."

காலையில் சாரல் விட்டு வெயில் வந்தது. கொல்லைப்புறத்துப் பந்தலில் துரை வீட்டு மேசைவிரிப்புகள், செட்டியார் வீட்டு எட்டு முழ வேட்டிகள், சீன முதலாளி தவுக்கே வீட்டுப் படுக்கைவிரிப்புகள் எல்லாம் சுருக்கமில்லாமல் தொங்கின. நடுவில், பெண் உட்காரும் இடத்துக்கு நேர் மேலே, அமலம்மாள் வீட்டு முக்காடு. சின்னம்மா படகுத்துறையிலிருந்து வந்து இறங்கி, பாயில் உட்கார்ந்து, வெற்றிலையை மடித்துக்கொண்டே அண்ணாந்தாள். மடித்த வெற்றிலை வாய்க்குப் போகாமல் பாதியில் நின்றது.

"அது யாரு வீட்டுது மதினி?"

"வாத்தியார் வீட்டுது. ரொம்ப காலமா நம்ம வாடிக்கை," என்றாள் வெள்ளையம்மாள். பாயசத்தைக் கிண்டுகிறவள் போல முகத்தைத் திருப்பிக்கொண்டாள், சிரிப்பு தெரியக்கூடாதென்று. அந்த ஒரு நிமிஷத்துக்காகத்தான் அவள் அத்தனை பாடும் பட்டது.

மாப்பிள்ளை வீட்டார் தட்டுகளைக் கொண்டுவந்து வைத்தார்கள். தேங்காய், வாழைப்பழம், கற்கண்டு, பூ. கங்காணி இத்தனை நாளாகத் தேடிக்கொண்டிருந்த இடம் கடைசியில் அகப்பட்டுவிட்டது. வழக்கமாக ஆளை அனுப்புகிறவன் இந்தத் தடவை தானே முன்னால் இறங்கினான். கொல்லையில் நின்ற அங்சானா மரத்திலிருந்து பந்தலில் குதித்தான். ஓலை அவன் பாரம் தாங்காமல் பிய்ந்தது. முக்காட்டுக்குள் விழுந்து தொட்டிலில் கிடப்பதைப் போல ஒரு ஆட்டம் ஆடினான். பெண்கள் கூச்சல் போட்டார்கள். அதற்குள் மற்றவை தட்டில் இறங்கிவிட்டன. ஒன்று தேங்காயைக் கட்டிக்கொண்டு ஓடியது. கங்காணி கையையும் காலையும் உதறியும் அது கழலாமல், முக்காட்டோடு சேர்ந்து மரத்தில் ஏறிவிட்டான். மேல் கிளையில் உட்கார்ந்தபோது அது அவன் தலையில் படிந்து இரண்டு தோளிலும் வழிந்தது.

மாப்பிள்ளை வீட்டார் விழுந்து விழுந்து சிரித்தார்கள்.

"கொரங்கு கையில பூமாலைன்னு கேட்டிருக்கேன்," என்றாள் சின்னம்மா. "முக்காட்ட இன்னிக்குத்தான் பாக்கறேன். பொண்ணு நல்லாத்தான் இருக்கு!"

வெள்ளையம்மாளுக்குச் சிரிப்பு வருமா? நாளைக் காலையில் ஐரீன் வெறுந்தலையோடு கோயில் வாசலில் நிற்பதுதான் கண்ணில் தெரிந்தது. வாத்தியார் வீடு போனால் கோயிலைச் சுற்றியிருக்கிற அத்தனை வீடும் போகும். அதைவிட, நம்பிக் கொடுத்தவள் முகத்தில் எப்படி விழிப்பது?

மாப்பிள்ளைப் பையன் கல்லை எடுத்தான். "போடாதீங்க தம்பி! பயந்து மலைக்கு ஓடிருச்சுன்னா அவ்வளவுதான்," என்று அவன் கையைப் பிடித்தாள். யாரோ ஒரு பெரியவர், குரங்கு நாம் செய்வதைச் செய்யும் என்று சொல்லித் தன் தலைப்பாகையை அவிழ்த்துத் தரையில் வீசினார். கங்காணி அதைக் கூர்ந்து பார்த்தான். முக்காட்டை இன்னும் கொஞ்சம் இழுத்துப் போர்த்திக்கொண்டான். பின்னால் இருந்து ஒரு குட்டி வந்து தலைப்பாகையைத் தூக்கிக்கொண்டு போய்விட்டது.

வேலிக்கு அந்தப் பக்கம் நோர்மா நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். தென்னந்தோப்புக்காரி, பிறந்ததிலிருந்து குரங்குகளோடு மல்லுக்கு நிற்கிறவள்.

"ஜங்ஙான் தெங்கோக், கக்கா! பாக்காதீங்க!" என்று மலாயும் தமிழும் கலந்து கத்தினாள். "நீங்க பாக்குற வரைக்கும் அது குடுக்காதுலா. ஒங்களுக்கு வேணும்னு அதுக்குத் தெரியுது. எல்லாரும் திரும்பி உக்காந்து சாப்பிடுங்க. அதத் திங்க முடியாது. சலிச்சுப்போனா போட்டுடும்."

வேறு வழி? நிச்சயத்துக்கு வந்த அத்தனை பேரும் மரத்துக்கு முதுகைக் காட்டிக்கொண்டு வரிசையாக உட்கார்ந்தார்கள். இலை போட்டாயிற்று. சோறு, சாம்பார், அப்பளம், பாயசம். நாலு வார்த்தைக்கு ஒரு தரம் காத்தமுத்து சத்தமாக, "இன்னொரு அப்பளம் போடு புள்ள!" என்று குரங்குக்குக் கேட்கும்படி சொன்னான். சின்னம்மா கழுத்து நோகிறது என்று புகார் சொல்லிக்கொண்டே சாப்பிட்டாள். பரிமாறுகிற வெள்ளையம்மாள் மட்டும் சாம்பாரைச் சோற்றில் ஊற்றினாளா இலையில் ஊற்றினாளா என்று அவளுக்கே தெரியாது. மாதாவே, முருகா, யாராக இருந்தாலும் சரி, கிழியாமல் கிடைக்கவேண்டும் என்று வாய்க்குள் சொல்லிக்கொண்டிருந்தாள்.

முதுகுப் பக்கம் ஏதோ சரசரத்தது. அப்படியும் ஒருவர் திரும்பவில்லை. கடைசியில் நோர்மாதான், "சூடா ஜாத்தோ! விழுந்துருச்சு!" என்று குதித்தாள்.

சேற்றில் கிடந்தது. வெள்ளையம்மாள் அதை இரண்டு கையாலும் அள்ளி வெளிச்சத்தில் விரித்துப் பார்த்தாள். ஒரு பூவில் இழை கொஞ்சம் இழுத்திருந்தது, அவ்வளவுதான். வாழைப்பழக் கறையும் சேறும் அலசினால் போய்விடும். முன்பக்கம் ஆற்றங்கரைக்கு ஓடினாள்; அங்கே ரிக்‌ஷா வந்து நின்றது.

அமலம்மாள் ஞாயிற்றுக் கடைசிப் பூசை முடிந்து நேராக வந்திருந்தாள். கூட ஐரீன். பொழுதுசாயும்வரை பொறுக்க முடியவில்லையாம், கல்யாண வீட்டுப் பதற்றம். வெள்ளையம்மாளின் கையில் சேறும் கறையுமாகத் தொங்கியதைப் பார்த்து அமலம்மாள் நெஞ்சில் கைவைத்தாள்.

"இயேசுவே! என்னாடி இது?"

பின்னால் வந்த காத்தமுத்து முந்திக்கொண்டான்.

"கொரங்கும்மா! கொடியில காஞ்சிக்கிட்டிருந்துச்சு. பாவி, உருவிக்கிட்டு மரத்துல ஏறிருச்சு. இவ உசிரக் குடுத்துல்ல மீட்டா!"

பின்னால் நின்ற அத்தனை தலைகளும் ஆமாம் என்று ஆடின. அதுதான் துறைக் கட்டுப்பாடு. வெள்ளையம்மாளும் இல்லை என்று சொல்லவில்லை.

அமலம்மாள் முக்காட்டை வாங்கி ஓரத்தைத் தடவிப் பார்த்தாள். முகம் மெல்ல இளகியது.

"பெரிசா ஒண்ணும் கிழியல. சரி, அழுவாத வெள்ளையம்மா. கொரங்குக்கு என்ன தெரியும்? அதுவும் ஆண்டவர் படைச்ச சீவன்தான். வேணும்னேவா செஞ்சுச்சு? ஒரு தண்ணி அலசிக் குடு, வெயில் இருக்கு, காஞ்சிரும். நான் இருந்து வாங்கிட்டுப் போறேன்."

அவள் கைக்குட்டையை விரித்து ஒரு கல்லின் மேல் உட்கார்ந்தாள். வெள்ளையம்மாள் முழங்கால் தண்ணீரில் இறங்கினாள். சேறு ஒரு நிமிஷத்தில் போயிற்று, கறையும் போயிற்று. முக்காடு ஆற்றோடு நீண்டு, தண்ணீருக்கும் துணிக்கும் வித்தியாசம் தெரியாமல் கிடந்தது. பாவம் ஓரிடம் பழி ஓரிடம் என்பார்கள். அமலம்மாள் திட்டியிருந்தால் அவளால் தாங்கியிருக்க முடியும். அழாதே என்று சொன்னதைத்தான் தாங்க முடியவில்லை.

"அம்மா," என்றாள் தண்ணீரைப் பார்த்தபடி. "அது கொடியில காயலம்மா."

"ஏ புள்ள!" என்றான் காத்தமுத்து.

"பந்தல்ல கட்டியிருந்தேன். எம் மகளுக்கு இன்னிக்கு நிச்சயம். அவ உக்காந்த எடத்துக்கு மேல கட்டியிருந்தேன். வந்தவுக பாக்கட்டும்னு. நான் எடுத்ததத்தான் கொரங்கு எடுத்துச்சு. அத மன்னிச்சிட்டீங்க. நான் என்ன பண்றதுன்னு நீங்கதான் சொல்லணும்."

சின்னம்மா பல்லைக் கடித்துக்கொண்டு, "துறையவே காட்டிக் குடுத்துட்டாளே" என்றாள். இனி எந்த வீட்டு அம்மாள் துணியைக் கொடுக்கும்போது கேட்காமல் இருப்பாள்?

அமலம்மாளின் முகம் மெல்ல மெல்ல இறுகியது. கண்கள் வெள்ளையம்மாளைத் தாண்டி, கொல்லையோரம் மஞ்சள் நூல்சீலையில் நின்ற தனலெட்சுமியிடம் போய், திரும்ப முக்காட்டுக்கு வந்தன. கோபமாகக்கூட இல்லை, வேலைக்காரிக்கு வேலை சொல்கிற குரலில் சொன்னாள்:

"இன்னொரு தண்ணி அலசு."

வெள்ளையம்மாள் குனிந்தாள். அலசு என்றால் அலசிப் பழகிய கை அது. முக்காட்டை மறுபடி தண்ணீருக்குள் விட்டபோது தனலெட்சுமி படியில் இறங்கிவந்து நின்றாள். கரையில் நின்ற எல்லாருக்கும் கேட்கும்படி கேட்டாள்.

"மொதத் தண்ணி கொரங்குக்கும்மா. ரெண்டாவது தண்ணி யாருக்கு?"

வெள்ளையம்மாளின் கை தண்ணீருக்குள் நின்றுவிட்டது. அமலம்மாளின் கல்யாண முக்காட்டை, அவள் பிள்ளைகளின் தொட்டில் துணியை, தீட்டுத் துணியை, பீட்டர் வாத்தியாரின் கோயில் கோட்டை எல்லாம் வெளுத்த கை. அந்தக் கை பட்டு வெளுத்தது, அந்தக் கை பெற்ற பிள்ளையின் தலைக்கு மேலே நின்றதால் அழுக்காகிவிடுமா? இத்தனை வருஷத்தில் இந்தக் கேள்வி அவளுக்குத் தோன்றியதே இல்லை. அவளுக்கு அழுகை அழுகையாக வந்தது, ஆத்திரமும் வந்தது.

அவள் நிமிர்ந்தாள். முக்காட்டைப் பிழியாமல் இரண்டு உள்ளங்கைக்கு நடுவே வைத்து நீரை அழுத்தி எடுத்தாள்.

"இது சுத்தமாயிருச்சும்மா. இதுக்கு மேல அலச எனக்குத் தெரியாது," என்று நீட்டினாள்.

அமலம்மாள் கை நீட்டவில்லை. ஐரீன்தான் செருப்பைக் கழற்றிவிட்டுத் தண்ணீரில் இறங்கினாள். நாளைக்கு மணப்பெண், மருதாணி போட்ட கை. முக்காட்டை வாங்கி, சொட்டச் சொட்ட அப்படியே தன் தலையில் போட்டுக்கொண்டாள். தண்ணீர் நெற்றியில் வழிந்து, கோயிலுக்குப் போட்ட பட்டு ரவிக்கையெல்லாம் நனைந்தது.

"ஏய் கொரங்கே! எறக்குடி அத! சளி புடிச்சுக்கும்!" என்று அமலம்மாள் கத்தினாள்.

"ரிக்‌ஷாவுல காத்துல காஞ்சிரும்மா. வாங்க, மாமாவெல்லாம் வந்துருப்பாங்க," என்றாள் ஐரீன். படியேறும்போது தனலெட்சுமியின் பக்கத்தில் நின்று, என்ன சொல்வது என்று தெரியாமல், "சீல நல்லாருக்கு. எங்க வாங்குனீங்க?" என்றாள்.

"சௌராஸ்தா பாசார்ல."

அமலம்மாள் ரிக்‌ஷாவில் ஏறினாள். மன்னித்தேன் என்றும் சொல்லவில்லை, அடுத்த வாரம் மூட்டை அனுப்புகிறேன் என்றும் சொல்லவில்லை. வண்டி நகர்ந்து வளைவில் திரும்பும்வரை ஐரீனின் தலையில் வெள்ளை தெரிந்தது.

"போச்சு. வாத்தியார் வீடு போச்சு," என்றான் காத்தமுத்து.

"போனா போவட்டும்," என்றாள் வெள்ளையம்மாள். சின்னம்மாவிடம் திரும்பினாள். "மதினி, தட்டு மாத்தலாமா, இல்ல நீங்களும் கெளம்புறீங்களா? இப்பவே சொல்லிருங்க."

சின்னம்மா வெற்றிலையைக் குதப்பிக்கொண்டு தனலெட்சுமியை ஏற இறங்கப் பார்த்தாள். இந்தத் தடவை அவள் அண்ணாந்து பார்க்கவில்லை.

"ஒனக்குப் பொய் சொல்லவும் தெரியல, ஒம் மகளுக்கு வாய மூடவும் தெரியல," என்றாள். "ஆஸ்பத்திரியில துணி எடுக்கப் போனா தெனம் ஒரு நர்சு மிஸ்ஸி எங்கள நாயா வெரட்டுறா. அங்க எதுத்துக் கேக்குறதுக்கு எங்க வீட்டுல ஒரு ஆளு இல்ல. தட்ட எடுங்க, மாத்துவோம்."

"ஒரு நிமிசம் இருங்க மதினி."

வெள்ளையம்மாள் முக்காலியைப் போட்டு ஏறினாள். துரை வீட்டு மேசைவிரிப்பு, செட்டியார் வேட்டி, தவுக்கே வீட்டுப் படுக்கைவிரிப்பு என்று ஒவ்வொன்றாக அவிழ்த்து மகளின் கையில் கொடுத்தாள். தனலெட்சுமி மடித்து மடித்து அடுக்கினாள். கடைசித் துணியும் இறங்கியதும் பந்தலில் வெறும் கயிறுகளும், கங்காணி பிய்த்த ஓட்டையும், ஓட்டை வழியே அங்சானா மரமும் தெரிந்தன. மரத்தில் கங்காணி தேங்காய்ப் பங்கை மென்றுகொண்டிருந்தான். அவனுக்குக் கீழே தட்டு மாறியது.